மூன்று நிமிடக் காற்று

புந்தா அரேனாஸில் ஞாயிறு இரவு பதினொன்றரை.
ஜன்னல் கண்ணாடி தன் சட்டத்துக்குள் நடுங்குகிறது.
பொதுச் சுகாதார முதுகலை, ஆறாம் வாரம்.
பத்தொன்பது பேர், ஆளுக்கு மூன்று நிமிடக் காணொளி,
நள்ளிரவுக்குள்.

எழுதச் சொன்ன வருடங்களில்
எல்லோரும் எல்லோரோடும் உடன்பட்டார்கள்.
தோழர் சொன்னது மிகச் சரி என்பதையே
பதினெட்டு விதமாக எழுதினார்கள்.
படித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

இப்போது முகங்கள்.
எலியானா பாரியா மருந்துக் கிடங்கில், குளிர்கோட்டைக் கழற்றாமல்.
மிலராய் வென்சுமான் ஓரங்கட்டிய காருக்குள்,
பின்னிருக்கையில் குழந்தை தூங்குவதால் கிசுகிசுப்பாக;
இரண்டாம் நிமிடத்தில் அது விழித்து
தொற்று விகிதங்களுக்கு நடுவே பால் கேட்கிறது.
அவள் அதை வெட்டவில்லை. அப்படியே அனுப்பியிருக்கிறாள்.

என்றாலும் பதில்கள் பழைய பதில்கள்தாம்.
நாற்பத்தொரு பேர் வாழும் தீவில்
சுகாதார நிலையத்தை எப்போது மூடலாம்?
முகத்தை நேராக வைத்துக்கொண்டு
அட்டவணையைப் படித்தார்கள்.
கண்மணி இடமிருந்து வலம் நகர்வது
எனக்குத் தெரியாதா.

பதினொன்று ஐம்பத்தேழுக்கு ஈவோ மிஹோவிலோவிச்.
தெற்கே, கால்வாய்களுக்குள், ஒற்றைச் செவிலியர்.
படகுத்துறையில் நிற்கிறான்.
வாய் அசைகிறது. கை அசைகிறது.
ஒலி மட்டும் காற்று.
தகரக் கூரைமேல் சங்கிலியை இழுத்துப்போவதுபோல
மூன்று நிமிடமும் காற்று.
கடைசியில் மலைச்சரிவை நோக்கி விரலை நீட்டுகிறான்,
எதையென்று தெரிவதற்குள்
படம் கட்டம் கட்டமாய்ச் சிதறிப்போகிறது.

திங்கள் காலை மிலராய்:
"மூடக் கூடாது என்கிறாய் ஈவோ. நான் ஒப்ப மாட்டேன்."
எலியானா: "மூடத்தான் சொல்கிறான். அந்தக் கையைப் பாருங்கள்.
சலித்துப்போனவன்தான் கையை அப்படி வீசுவான்."
புவெர்ட்டோ நடாலெஸின் பல் மருத்துவர்
உதட்டசைவை மெதுவாக்கி ஓட்டிப் பார்த்து
படகு என்ற சொல் நான்கு முறை வருகிறது, சத்தியம் என்றார்.

செவ்வாய்க்குள் முப்பத்திரண்டு காணொளிகள்.
அடுப்படியிலிருந்து, பேருந்து நிறுத்தத்திலிருந்து,
பாதி சவரம் செய்த கன்னத்தோடு.
ஒருவர் கண்ணும் இடமிருந்து வலம் போகவில்லை.
ஒருத்தி தன் தங்கை நடுக்கடலில் பிறந்ததைச் சொன்னாள்.
அதற்காக ஒரு கட்டடத்தை வருடமெல்லாம்
சூடேற்றிக்கொண்டிருக்க முடியாது என்றான் இன்னொருவன்.
பிறகு மன்னிப்புக் கேட்டான்.
பிறகு கணக்கோடு வந்து
மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

நான் குறுக்கே போகவில்லை.
உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒன்று கேட்டிருந்தது:
அவன் என்னைத் திட்டுவதாக.

வியாழனன்று காற்று அடங்கி, ஈவோ வந்தான்.
உள்ளறை. பின்னால் தடுப்பூசிக் குளிர்பெட்டி.
எல்லோரையும் பார்த்து முடிக்க
இரண்டு இரவுகள் ஆயின என்றான்.
"நான் வாதம் ஏதும் வைக்கவில்லை.
கேட்கிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
மூன்று நிமிடமும் அதையேதான்."
விரல் காட்டியது கோபுரத்தை.
சிக்னல் விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததாம்.

பல் மருத்துவர் இன்னும் நம்பவில்லை.

மதிப்பெண் தாளில் நான்கு கட்டங்கள்.
பேச்சுத் தெளிவு: பூஜ்யம். அது நியாயம்.
சக மாணவரை உரையாடலுக்குள் இழுத்தல்
என்ற கட்டத்தின் முன்னால்
பேனா வெகுநேரம் நின்றது.

அவன் தீவை வைத்துத்தான், பெயரை மறைத்து,
கேள்வியை எழுதியிருந்தேன்.
கண்டுபிடித்துவிட்டான் போல. போகிறபோக்கில் சொன்னான்,
இப்போது நாற்பத்தொன்று இல்லை, முப்பத்தெட்டு,
மூன்று பேர் இந்தக் குளிர்காலத்தில் போய்விட்டார்கள் என்று.

படகேறிப் போனார்களா,
வேறெப்படியுமா,
அவன் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.
அடுத்த ஆண்டுக்கான கேள்வியைத் திறந்து
எண்ணை மட்டும் மாற்றினேன்.